பிள்ளைக்கு ஊர்க்கண் படணும்

1/ வீட்டுக்கல்வி பற்றி ஒரு நீளமான த்ரெட். "டாக்டர், பையனை ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்லயே படிக்க வைக்கலாம்னு இருக்கோம், நீங்க என்ன சொல்றீங்க?" என்று இன்பாக்ஸில் கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. இதைப் படித்துச் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்க.

2/ நான் கல்வியாளன் இல்லை. எம்பிபிஎஸ் முடித்து அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறவன். வீடு குத்துக்கல்வலசையில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளிச் சிறாரைப் பரிசோதிக்கிற நடமாடும் குழுவோடு ஜீப்பில் பள்ளி பள்ளியாகப் போயிருக்கிறேன். அதனால் பள்ளிக்கூடத்தை நான் பாடம் நடத்துகிற இடமாக மட்டும் பார்ப்பதில்லை. அங்கே வேறு என்னவெல்லாம் நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதைத்தான் இங்கே பேசப் போகிறேன்.

3/ முதலில் ஒரு சம்பவம். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கொரோனாவில் பெங்களூரை விட்டு ஊருக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்ட ஐடி தம்பதி. ஒரே பையன், ஒன்பது வயது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவன். காய்ச்சலுக்குக் கூட்டி வந்தார்கள். கெட்டிக்காரப் பயல். ஓபியில் உட்கார்ந்துகொண்டு வெளியே மரத்தில் கத்துகிற குருவியின் பெயரைச் சொல்கிறான். அப்பா முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்குமே ஆசையாகத்தான் இருந்தது.

4/ சுவரில் இருந்த சார்ட்டைப் பார்க்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான். எனக்கு உறுத்தியது. சும்மா என் உள்ளங்கையால் அவன் வலது கண்ணை மூடினேன். "டாக்டர், கைய எடுங்க, ஒண்ணும் தெரியல" என்றான். கையை எடுத்து இடது கண்ணை மூடினேன். கடகடவென்று வாசித்தான். அந்த அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. "அவன் ஒரு நாளும் சொல்லலையே டாக்டர்!"

5/ எப்படிச் சொல்வான்? பிறந்ததிலிருந்து ஒரு கண்ணால் பார்த்தவனுக்கு அதுதான் உலகம். கண் மருத்துவரிடம் அனுப்பினோம். இரண்டு கண்ணுக்கும் பவரில் பெரிய வித்தியாசம். தெளிவாகத் தெரியாத கண்ணை மூளை மெல்ல ஒதுக்கிவிட்டது. சோம்பேறிக் கண் என்பார்கள். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்துக் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்துப் பழக்கினால் நல்ல பலன் கிடைக்கும். அதற்குப் பிறகும் செய்யலாம், செய்யணும். ஆனால் வயது ஏற ஏறப் பலன் குறையும்.

6/ "நாங்க எங்க டாக்டர் தப்பு பண்ணோம்?" என்று அந்த அம்மா கேட்டார். உண்மையில் அவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. நல்ல சாப்பாடு, நல்ல புத்தகம், அன்பு எல்லாமே கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் யாரும் பிள்ளையின் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். பெற்றவர்கள் பார்க்க மறக்கிறதைப் பார்ப்பதற்கென்றே வெளியே ஓர் ஏற்பாடு இருக்கிறது. பள்ளியிலிருந்து எடுத்தபோது, தெரியாமலே அந்த ஏற்பாட்டிலிருந்தும் பிள்ளையை எடுத்துவிட்டார்கள்.

7/ 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டப்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு வருடம் ஒரு முறையும் போகணும். கண், காது, பல், இதயத்தில் ஓசை, ரத்தசோகை, தோல், வளர்ச்சிக் குறைபாடு என்று தலை முதல் கால் வரை பார்க்கணும். தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி கொடுக்கிற கண்ணொளி காப்போம் திட்டம் 2009-லேயே வந்துவிட்டது. இது எல்லாமே பள்ளிக்கூடத்தை வைத்துத்தான் ஓடுகிறது.

8/ "உங்க டீம் எல்லாப் பிள்ளையையும் ஒழுங்கா பாக்குதாக்கும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரே நாளில் முந்நூறு பிள்ளைகள் என்றால் தவறத்தான் செய்யும். தனியார் பள்ளிகளுக்கு இந்தக் குழு போவதே இல்லை. ஆனாலும் அங்கே கரும்பலகை இருக்கிறது. கடைசி பெஞ்சில் இருந்து தப்புத் தப்பாக எழுதுகிற பிள்ளையை ஏதாவது ஒரு டீச்சர் கவனித்து, "இவளைக் கண் டாக்டர்ட்ட காட்டுங்க" என்று சொல்லிவிடுவார். என்னிடம் வருகிற கண்ணாடி கேஸில் பாதி அப்படி டீச்சர் அனுப்பியதுதான்.

9/ நம்ம ஊரில் பிள்ளைக்கு ஊர்க்கண் படக் கூடாது என்று கன்னத்தில் மைப்பொட்டு வைப்போம், மிளகாய் சுற்றிப் போடுவோம். டாக்டராக நான் தலைகீழாகச் சொல்கிறேன். பிள்ளைக்கு ஊர்க்கண் படணும். டீச்சர் கண், சத்துணவு ஆயா கண், நர்ஸ் கண், கூடப் படிக்கிற பிள்ளையின் அம்மா கண். வீட்டுக்கல்வி பற்றி என் மொத்தக் கருத்தும் இதுதான்: பள்ளியிலிருந்து எடுக்கிற உரிமையைப் பற்றி நாம் பேசலாம். ஊர்க்கண்ணில் படாமல் மறைக்கிற உரிமை யாருக்கும் கிடையாது.

10/ இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? எங்கள் தென்காசிப் பக்கம் "பிள்ளை வீட்ல இருக்கா" என்றால் ஒரு பழைய அர்த்தம் உண்டு. வயசுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்திவிட்டு, மடியில் சுளகை வைத்து பீடி சுற்ற உட்கார்த்திவிட்டார்கள் என்று அர்த்தம். என் அம்மா அப்படி ஆறாம் வகுப்போடு "வீட்ல இருந்தவர்". கணக்கில் புலி. கடைக்காரர் பேப்பரில் கூட்டி முடிக்கிறதுக்குள் வாரக் கூலியை வாயாலேயே சொல்லிவிடுவார். அந்தக் கணக்கை வைத்து அவர் என்ன ஆகியிருப்பார் என்று நான் நினைக்காத நாளில்லை.

11/ இப்போதும் பிரசவ வார்டில் பதினேழு வயதுப் பிள்ளை வரும்போது "எத்தனாவது படிக்கிறே?" என்று கேட்போம். "வீட்லதான் இருக்கேன் டாக்டர்." எப்போது பள்ளியை விட்டு நின்றாய் என்று அடுத்துக் கேட்டால், கல்யாணத்துக்குக் கொஞ்சம் முந்தி என்று பதில் வரும். ஒரு பெண் பிள்ளை தொடர்ந்து பத்து நாள் வரவில்லை என்றால் வீடு தேடிப் போய்க் கேட்கிற டீச்சர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் தடுத்து நிறுத்திய கல்யாணங்கள் எந்தப் பேப்பரிலும் வராது.

12/ கட்டாயக் கல்விச் சட்டத்தை "அரசாங்கத்தின் அடக்குமுறை" என்று வீடியோ போடுகிற நண்பர்களே, அந்தச் சட்டம் உங்களை நினைத்து எழுதப்பட்டது இல்லை. சுளகு மடியில் ஏறிய பிள்ளைக்காக, செங்கல் சூளையில் நின்ற பிள்ளைக்காக எழுதப்பட்டது. 2002-இல் அரசியல் சட்டத்தில் 86-வது திருத்தம், 2009-இல் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் அமல். 6 முதல் 14 வயது வரை கல்வி பிள்ளையின் அடிப்படை உரிமை. கவனிங்க, உரிமை பிள்ளையுடையது. பெற்றோருக்கு அதில் எழுதியிருப்பது கடமை.

13/ "அப்போ வீட்டுக்கல்வி சட்டவிரோதமா?" சட்டத்தின் 10-வது பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று எதுவும் எழுதவில்லை. அதனால்தான் பல குடும்பங்கள் தொந்தரவு இல்லாமல் நடத்துகின்றன. 2012-இல் வந்த திருத்தம், கடுமையான அல்லது பலவகை மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையை வெளிப்படையாகக் கொடுத்தது. அவர்களுக்குச் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வர ஏற்பாடு உண்டு. இதுகூடத் தெரியாத குடும்பங்கள் நிறைய. தெரிந்தவர்களிடம் சொல்லுங்க.

14/ வெளிநாட்டைப் பார்ப்போம். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி செல்லும். சில மாநிலங்களில் யாருக்கும் தகவல்கூடச் சொல்ல வேண்டாம். ஜெர்மனியில் அநேகமாக அனுமதியே கிடையாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஒரு ஜெர்மன் குடும்பத்தின் வழக்கில், 2019 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அரசின் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. இரண்டுமே எனக்கு உவப்பில்லை. ஒன்று பிள்ளையை அப்படியே விட்டுவிடுகிறது. இன்னொன்று நல்ல பெற்றோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது.

15/ இங்கிலாந்தில் 2023-இல் நடந்ததைச் சொல்லியே ஆகணும். பத்து வயதுச் சிறுமி. முகத்தில் காயத்தைப் பார்த்த ஆசிரியர்கள் மேலே தகவல் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அப்பா "இனி வீட்டில் படிக்க வைக்கிறோம்" என்று சொல்லிப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார். அந்த ஆகஸ்டில் அந்தப் பிள்ளை அடித்துக் கொல்லப்பட்டாள். அப்பாவும் சித்தியும் கொலைக் குற்றவாளிகள் என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு. வீட்டில் படிக்க வைக்கிற பெற்றோர் எல்லாம் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு வீடுதான் ஆபத்தான இடம். அந்தப் பிள்ளையைப் பார்க்க ஒரு கண் வேணும்.

16/ எதிர்த்தரப்புக்கு வருகிறேன். "பள்ளின்னா சிறை, மனப்பாட மெஷின், அடி, ஃபீஸ் கொள்ளை" என்கிறீர்கள். பாதிக்கு மேல் உண்மை. நான் மறுக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி என்று எத்தனை பிள்ளைகள் ஓபிக்கு வருகிறார்கள் தெரியுமா? ஸ்கேன் நார்மல், யூரின் நார்மல், ஞாயிற்றுக்கிழமை வலியே இல்லை. அந்த வலி நடிப்பில்லை. பயம் வயிற்றில்தான் முதலில் தெரியும். அந்தப் பிள்ளையை மிரட்டி அனுப்புவது வைத்தியம் ஆகாது. அதே மாதிரி, ஏன் என்று கேட்காமலே பள்ளியை விட்டு நிறுத்துவதும் வைத்தியம் ஆகாது.

17/ எங்கள் வீட்டிலேயே இந்தப் பேச்சு ஓடியது. மகள் யூகேஜி. தினமும் காலையில் அழுகை, அடிவயிற்று வலி. "பேசாம வீட்ல வெச்சு சொல்லிக் கொடுத்துருவோமா?" என்று மனைவி கேட்டார். நானும் ஏறக்குறைய சம்மதித்துவிட்டேன். யூரின் டெஸ்டில் கிருமித்தொற்று. மெதுவாக விசாரித்தால், பள்ளிக்கூட பாத்ரூமுக்குப் போகப் பயந்து காலை முதல் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு, அதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். நாலு பெற்றோர் சேர்ந்து போய்ப் பேசினோம். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு ஆயா, தாழ்ப்பாள், வெளிச்சம் வந்தது. அழுகை நின்றது.

18/ நாங்கள் மகளை மட்டும் எடுத்துவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவள் தப்பித்திருப்பாள். மீதிப் பிள்ளைகள் அதே பாத்ரூமுக்குப் பயந்து அடக்கிக்கொண்டே இருந்திருக்கும். படித்த, பேசத் தெரிந்த, கேள்வி கேட்கிற பெற்றோர் ஒவ்வொருவராக விலகினால், பேசத் தெரியாத பெற்றோரின் பிள்ளைகள்தான் மிஞ்சும். அந்தப் பள்ளிக்கூடம் எப்படித் திருந்தும்? பள்ளியில் அடிப்பதற்கும் மனதைப் புண்படுத்துவதற்கும் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி தடை உண்டு. எழுதிக் கேளுங்க. கேட்டும் நடக்கவில்லை என்றால் பள்ளியை மாற்றுங்க. பள்ளியே வேண்டாம் என்பது கடைசிப் படி.

19/ இன்னொரு அநியாயம். மற்றப் பிள்ளைகள் மாதிரி எழுத்துக்கூட்டி வாசிக்க வராத பிள்ளை, ஓர் இடத்தில் உட்கார முடியாத பிள்ளை இவர்களைச் சில பள்ளிகளே "டிசி வாங்கிட்டுப் போய் வீட்ல வெச்சு படிக்க வைங்க, அதான் நல்லது" என்று நைசாகத் தள்ளிவிடுகின்றன. அதைப் பெற்றோரும் "வீட்டுக்கல்வி" என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இது கல்வி இல்லை, வெளியேற்றம். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்பது 16-வது பிரிவு. கற்றல் குறைபாட்டை 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏற்றிருக்கிறது. முறையான சான்று வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், எழுதித் தர ஆள் என்று சலுகைகள் உண்டு.

20/ "அந்தக் காலத்தில் எல்லாம் வீட்லதானே படிச்சாங்க" என்பவர்களுக்கு: நாம் எல்லாருமே சமீபத்தில் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டோம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, 1 முதல் 8 வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. ஒன்றரை வருடத்துக்கு மேல். ஃபோன் இருந்த வீட்டுப் பிள்ளையும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் எவ்வளவு விலகிப்போனார்கள் என்று கண்ணால் பார்த்தோம். அந்த இடைவெளியை அடைக்கத்தான் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. பேர்தான் இல்லம். நடந்தது என்னவோ பத்திருபது பிள்ளைகளைக் கூட்டி, தெருவில், ஒரு தன்னார்வலர் அக்கா முன்னால்.

21/ நம்ம பக்கத்து மத்தளம்பாறையையே பாருங்க. சோஹோ ஸ்ரீதர் வேம்பு ஊரடங்கு சமயத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்து, அது கலைவாணி கல்வி மையமாக வளர்ந்தது. பரீட்சை, மார்க் முறைக்கு மாற்று வேணும் என்று பேசுகிறவர் அவர். அவருடைய மற்றக் கருத்துகளில் உங்களுக்கும் எனக்கும் ஆயிரம் வேறுபாடு இருக்கட்டும். ஆனால் மாற்றுக்கல்வி என்று அவர் செய்ததும் பிள்ளைகளை ஒன்றுகூட்டி, ஆசிரியர் வைத்து, சாப்பாடும் போட்டுத்தான். பள்ளிமுறை பிடிக்காதவர்களுக்கும் கடைசியில் பத்துப் பிள்ளை சேர்கிற ஓர் இடம் தேவைப்படுகிறது.

22/ சாப்பாடு என்றதும் ஞாபகம் வருகிறது. 1982 ஜூலை 1-இல் எம்ஜிஆர் தொடங்கிய சத்துணவு, 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவு எல்லாம் பள்ளி வழியாகத்தான் வயிற்றுக்குப் போகிறது. 1 முதல் 19 வயது வரை வருடம் இரண்டு தடவை பூச்சி மாத்திரை, வளரிளம் பிள்ளைகளுக்கு வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை, 10 வயதிலும் 16 வயதிலும் டிடி ஊசி. இதையும் பள்ளியில்தான் கொடுக்கிறோம். வசதியான வீட்டுக்குச் சாப்பாடு தேவைப்படாமல் இருக்கலாம். பூச்சிக்கும் ரத்தசோகைக்கும் வசதியான வீடு, ஏழை வீடு என்ற பேதம் கிடையாது.

23/ யூடியூபில் சொல்லாத கணக்கு ஒன்று. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு, 2020 முதல். அப்படிப் படித்த பெண் பிள்ளை கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய், 2022 முதல். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை. இதற்கெல்லாம் பள்ளியில் படித்த சான்று வேணும். ஐந்து வயதில் நீங்கள் எடுக்கிற முடிவு, பதினெட்டு வயதில் பிள்ளை நிற்கிற வரிசையை மாற்றிவிடும். தெரிந்து எடுத்தால் சரி. தெரியாமல் எடுக்காதீங்க.

24/ இவ்வளவும் யோசித்த பிறகும் வீட்டுக்கல்விதான் என்று முடிவு செய்கிறீர்களா? உங்களை நான் தடுக்க மாட்டேன். நீண்டகால சிகிச்சையில் இருக்கிற பிள்ளை, விளையாட்டில் தீவிரமாக இருக்கிற பிள்ளை, பள்ளியில் மோசமாக அடிபட்டு மீண்டு வர அவகாசம் தேவைப்படுகிற பிள்ளை இவர்களுக்கு அது வரமாகவே அமைந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் எப்படிச் செய்வது? என் பட்டியல் இது:

25/ ஒன்று: யார் சொல்லிக் கொடுப்பது? இதை முதலில் பேசுங்க. நான் பார்த்த முக்கால்வாசி வீடுகளில் முடிவு அப்பாவுடையது, உழைப்பு அம்மாவுடையது. வேலையை விட்டவர் அவர்தான். நாள் முழுக்கப் பிள்ளையோடு தனியாக இருந்து, தூக்கம் கெட்டு, தலைவலி என்று எங்களிடம் வருகிறவரும் அவர்தான். "எனக்கு ஆபீஸ் கால் இருக்கு" என்கிற அப்பாக்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆரம்பிங்க.

26/ இரண்டு: ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலும், பிறகு வருடம் ஒரு முறையும் முழுப் பரிசோதனை. ஒவ்வொரு கண்ணாகப் பார்வை, காது, பல், உயரம், எடை, ரத்த அளவு. அரசு மருத்துவமனையில் காசு செலவில்லை. மூன்று: ஊசிக்கு உங்கள் ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதன்கிழமை போங்க. கிராம செவிலியரிடம் "எங்க பிள்ளை ஸ்கூலுக்குப் போகல, பூச்சி மாத்திரை கொடுக்கும்போது எங்க வீட்டையும் சேர்த்துக்கோங்க" என்று பேர் கொடுத்து வையுங்க. சந்தோஷமாக எழுதிக்கொள்வார்.

27/ நான்கு: தினமும் சம வயதுப் பிள்ளைகள். வாரம் ஒரு நாள் பார்ட்டி கணக்கில் வராது. மைதானம், நூலகம், சிலம்பம், தெரு எதுவாகவும் இருக்கட்டும். சண்டை போட்டு, தோற்று, பழம் விட்டுச் சேர்கிற பழக்கத்தை அப்பா அம்மாவால் கற்றுக்கொடுக்க முடியாது. ஐந்து: வீட்டுக்கு வெளியே, பிள்ளை தனியாகப் பேசக்கூடிய, நம்பகமான ஒரு பெரியவர். அத்தையோ, பக்கத்துத் தெரு டீச்சரோ. எங்களைப் பற்றி எங்களிடம் சொல்ல முடியாததை அவரிடம் சொல்லட்டும். 1098 என்ற எண்ணையும் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்கட்டும்.

28/ ஆறு: பரீட்சைக்கு வழி. தனித்தேர்வராக எட்டாம் வகுப்பு எழுத 12½ வயது நிரம்பணும். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு 14 வயது. திறந்தநிலையில் படித்தவர்கள் நீட் எழுதத் தடை இருந்தது; அதை டெல்லி உயர்நீதிமன்றம் 2018-இல்தான் ரத்து செய்தது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். போக நினைக்கிற படிப்புக்கும் வேலைக்கும் அந்தச் சான்று செல்லுமா என்று பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்க. ஏழு: ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பிள்ளையிடம் கேளுங்க, "ஸ்கூலுக்குப் போகணும்னு தோணுதா?" தோன்றினால் அனுப்புங்க. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள 4-வது பிரிவு இருக்கிறது. ஈகோ பார்க்காதீங்க.

29/ அரசுக்கும் ஒரு கோரிக்கை. வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு பதிவேடு கொண்டுவாருங்கள். அனுமதி கேட்டு அலைய வைக்கிற ஏற்பாடு வேண்டாம். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் ஒரே ஒரு தகவல் படிவம் போதும். இப்போது அந்தப் பிள்ளை எங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. பதிவேடு இருந்தால், மருத்துவக் குழு வருகிற நாளில் "பக்கத்துப் பள்ளிக்குக் கூட்டிட்டு வாங்க" என்று ஒரு ஃபோன் போட்டுவிடலாம். உண்மையாகவே படிக்க வைக்கிற வீட்டுக்கு இதில் எந்தக் கஷ்டமும் இல்லை. வேலைக்கோ கல்யாணத்துக்கோ நிறுத்தியவன்தான் இந்தப் படிவத்தைப் பார்த்துப் பதறுவான்.

30/ "எங்க பிள்ளை, எங்க விருப்பம். கவர்ன்மென்ட் ஏன் மூக்கை நுழைக்குது?" என்று கமெண்ட் வரும். பிள்ளை பட்டா நிலம் இல்லைங்க, நம்ம பேரில் பதிந்து வேலி போட. பத்துப் பதினைந்து வருடம் நம்மிடம் வளர்கிற இன்னொரு மனுஷன். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசிக்கு எதிராக வாட்ஸ்அப்பில் கிளம்பிய புரளிக்குப் பயந்து பிள்ளையை ஒளித்த பெற்றோரும் இதே வசனத்தைத்தான் சொன்னார்கள். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் அன்பு மட்டும் இருந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடாது.

31/ அந்தக் குருவிப் பயல் போன வாரம் வந்தான். மூக்கில் கண்ணாடி, நல்ல கண் மேல் ஒட்டு. சோம்பேறிக் கண்ணால் சார்ட்டில் மேல் இரண்டு வரி வாசித்தான். மூன்றாவது வரியில் திணறினான். முழுப் பார்வை வருமா என்று அம்மா கேட்டார். தெரியாது என்பதுதான் உண்மை. தெரியாது என்றே சொன்னேன். அவர்கள் இன்னும் வீட்டில்தான் படிக்க வைக்கிறார்கள். நான் மாற்றச் சொல்லவில்லை. சாயங்காலம் தெருப் பிள்ளைகளோடு கிரிக்கெட் ஆடுகிறானாம். "பந்து எந்தப் பக்கம் வருதுன்னு தெரியல டாக்டர், ஆனா ஆடுவேன்" என்றான்.

32/ கடைசியாக ஒன்று. இது பள்ளிக்குப் போகிற பிள்ளை, போகாத பிள்ளை எல்லாருக்கும். இன்றைக்கு ராத்திரி பிள்ளையைத் தினசரி காலண்டர் முன்னால் பத்தடி தள்ளி நிற்க வையுங்க. ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடித் தேதியையும் கிழமையையும் வாசிக்கச் சொல்லுங்க. பிறகு மறு கண்ணை மூடி, அதே மாதிரி. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் நாளைக்கே கண் மருத்துவரைப் பாருங்க. சரியாக வாசித்துவிட்டாலும் வருடாந்திரப் பரிசோதனையை விட்டுடாதீங்க. மொத்தமே அரை நிமிஷ வேலை. த்ரெட்டை அப்புறம் ஷேர் பண்ணலாம், முதலில் அதைச் செய்யுங்க.


அரசு மருத்துவர், குத்துக்கல்வலசை, தென்காசி மாவட்டம்